பார்வையாளனின் ஓட்டு

பெர்லின் திரைப்பட விழா 1951 ஜூனில் தொடங்கியது. பிப்ரவரிக் குளிருக்கு அது நகர்ந்தது 1978இல்தான். டிக்கெட் வாங்கி உள்ளே போகிற சாதாரண ஊர்க்காரன் ஆரம்பம் முதலே அதில் உண்டு. 1952 முதல் 1955 வரை பரிசைத் தீர்மானித்ததே அவன் போட்ட ஓட்டுதான். 1956இல் சர்வதேச நடுவர் குழு வந்து அந்த உரிமை போயிற்று. ஜனங்களுக்கு ரசனை போதாது என்பது நம் விமர்சகர்களுக்கும் உவப்பான வாதம். ஆனால் 1953இல் பெர்லின் ஜனங்கள் தேர்ந்தது க்ளூஸோவின் 'பயத்தின் கூலி'. சில வாரங்களுக்கு முன்புதான் கான் விழாவில் ழான் காக்தோ தலைமையிலான நடுவர்களும் அதற்கே முதற்பரிசு தந்திருந்தனர். (கானைக் கேட்டுவிட்டுப் போட்ட ஓட்டு என்று வாதிடலாம்தான்.) அடுத்த வருஷம், டேவிட் லீனின் 'ஹாப்ஸன்ஸ் சாய்ஸ்'. இதுவும் மட்டமான தேர்வல்ல. இன்று பனியில் நடந்து வருகிறவனுக்குத் தங்கக் கரடி விஷயத்தில் குரல் இல்லை. கைதட்டலாம், பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம்.