மரக்கொப்பரையும் ஒரு மிடறு ரம்மும்

அருந்த நல்ல ரம் எது என்று கேட்போருக்கு, விலையைச் சொல்லுமுன் ஊரைச் சொல்வதே நம் வழக்கம். கரும்பாலையின் கழிவுப்பாகிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் பார்படோஸில் வடிக்கப்பட்ட மது இது. உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். பிரித்தானியக் கடற்படை தன் மாலுமிகளுக்கு இதை நாள்தோறும் அளந்து ஊற்றியது. அவ்வழக்கம் 1970 ஜூலை 31 அன்றுதான் நின்றது.

கடற்படைக் கலவைக்குக் கனம் சேர்த்தது கயானாவின் டெமராரா ரம். போர்ட் மோரன்ட் தோட்டத்தின் பழைய மரக்கொப்பரை, இடம்பெயர்ந்து, டயமண்ட் வடிசாலையில் இன்றும் கொதிக்கிறது. 1845 முதல் சென்னையில் கப்பலேறிய ஒப்பந்தத் தமிழரும் கயானாவில் கரும்பு வெட்டினர். எந்தப் புட்டியிலும் அவர்கள் பெயரில்லை.

கருவெல்ல மணம் விரும்புவோர் எல் டொராடோ 12 ஆண்டு ரம்மில் தொடங்கலாம். 15 ஆண்டுக்குக் கை சற்றுத் தாராளமாக வேண்டும். சர்க்கரை கலவாதது வேண்டுமெனில் பார்படோஸின் ஃபோர்ஸ்கொயர். பச்சைக் கரும்புச்சாற்றின் வாசத்துக்கு மார்ட்டினிக். வயதெண்ணை மட்டும் நம்பவேண்டாம்: சோலேரா முறையில் கலப்போர் சிலர் மிக மூத்த துளியின் வயதையே அச்சிடுகிறார்கள்.

சிக்கனக்காரருக்கு 1954இல் வந்த நம் ஓல்டு மங்க் இருக்கிறது. வனிலா சற்று மிகைதான். கோலா ஊற்றாமல் ஒருமுறை அருந்திப் பாருங்கள்.