தாய்ப்பாலும் தாயின் சூழலும்

பிறந்த குழவிக்கு முதல் ஆறு திங்களும் தாய்ப்பாலன்றிப் பிறிதோர் உணவும் வேண்டுவதில்லை என்பது மருத்துவ அறிஞர்க்கு ஒப்பமுடிந்த உண்மையாகும். ஆயினும் தாயர் யாவரும் அவ்வாறு ஊட்டுகின்றாரிலர். இதற்குத் தாயின் அறியாமையையோ அன்பின்மையையோ காரணமாகக் காட்டுதல் எளிது. வரலாறு காட்டும் காரணங்களோ வேறு.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிசு நகரை முதற்கண் நோக்குவாம். 1762இல் ரூசோ தமது 'எமீல்' என்னும் நூலில், அன்னையர் தம் மக்களுக்குத் தாமே பாலூட்டுதல் வேண்டுமென வற்புறுத்தினார். உயர்குடி மகளிர் சிலர் அதனை ஏற்றனர். எனினும், பதினெட்டாண்டுகள் கழித்து, 1780இல், நகரக் காவற்றலைவர் லெனுவார் தந்த கணக்கின்படி, ஆண்டுதோறும் பிறந்த ஏறத்தாழ 21,000 குழந்தைகளுள் ஈன்ற தாயிடமே பாலுண்டவை 1,000 அளவினவே. பெரும்பாலானவை நாட்டுப்புறச் செவிலியரிடம் அனுப்பப்பட்டன. அவற்றுட் பல உயிருடன் மீளவில்லை. அனுப்பியோர் செல்வர் மட்டுமல்லர்; கணவனுடன் கடையிலும் பட்டறையிலும் உழைத்த எளிய மகளிரும் பலராவர். அறிவுரை அவர்க்கு ஓய்வுநேரத்தை ஈட்டித் தரவில்லை. 1919இல் வாசிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழில் மாநாடு, தொழில் புரியும் தாய்க்கு நாடோறும் இருமுறை அரைமணி நேரம் பாலூட்ட இடமளித்தல் வேண்டுமென விதித்தது இக்குறையை நீக்கவேயாம்.

இருபதாம் நூற்றாண்டில் வணிகமும் இதனுட் புகுந்தது. சிங்கப்பூரில் தாதியர் போன்று உடையணிந்த பெண்கள் வீடுதோறுஞ் சென்று தகரப்பாலைப் புகழ்ந்தனர். குழந்தை சுவைக்கச் சுவைக்கவே பால் சுரக்கும்; புட்டி இடையே புகின் சுரப்புக் குன்றும். பின்னர் வறிய தாய், விலைகொடுத்து வாங்கிய பாலில் நீரை மிகுதியாகக் கலப்பாள், அந்நீரோ தூயதன்று. இதன் விளைவை நேரிற் கண்ட மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் அந்நகரின் றோட்டரிக் கழகத்தில் 'பாலும் கொலையும்' என்னுந் தலைப்பிற் பேசி, இத்தகைய பிரசாரத்தால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கொள்ளல் வேண்டுமென்றார். அக்குரல் உலக மன்றேறப் பல்லாண்டுகள் சென்றன. 1981இல் உலகச் சுகாதார மன்றம் பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் நெறிக்கோவையை ஏற்றபோது, ஆதரித்தவை 118 வாக்குகள்; எதிர்த்தது அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒரு வாக்கே.

இலங்கையும் அந்நெறியைத் தழுவித் தனக்கென ஒரு கோவை வகுத்தது. இல்லந்தோறுஞ் செல்லும் மருத்துவ மாதரின் தொண்டும் அதனுடன் சேர்ந்தது. 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, ஆறு திங்களுக்குட்பட்ட குழந்தைகளுள் 82 வீதமானவை தாய்ப்பாலொன்றையே உண்டன. இது பெருமைக்குரியதே. எனினும், 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரும் தனியார் துறைத் தாய்க்குச் சட்டம் அளிப்பது 84 நாள் விடுமுறையே. மருத்துவர் வேண்டுவதோ ஆறு திங்கள். இவ்விடைவெளியைத் தாயின் அன்பு மட்டும் நிரப்பவியலாது. பாரிசு நகரத் தொழிலாளி மனைவிக்கு இல்லாத நேரத்தை நம் தாயர்க்கு ஈவது சமுதாயத்தின் கடன். அக்கடனை இறுத்த பின்னரே தாயைக் குறைகூற நமக்கு உரிமையுண்டு.