மூக்குக்குச் சாட்சி சொன்ன வாளி

பெயின்ட் அடைத்து வருமே, ஏறக்குறைய அதே இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளி. உள்ளே டெட்லர் என்னும் காற்றுப்புகாத பை ஒன்று. பையின் வாயிலிருந்து ஒரு குழாய் மூடி வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிறு பம்பை மாட்டி வாளிக்குள் உள்ள காற்றை உறிஞ்சினால், பை தானாக உப்பி வெளிக்காற்றைக் குடித்துக்கொள்ளும். சில நிமிட வேலை. வால்வை மூடி, பையைக் கழற்றி, ஆய்வகத்துக்குக் கூரியரில் போட்டுவிடலாம்.

வாளி பிறந்த இடம் கலிபோர்னியா. 1995இல் அங்கே ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடிய எட் மேஸ்ரி, அந்தப் பகுதிக்குப் போனவர், புகையில் தானே சுருண்டு விழாத குறை. அதிகாரிகளைக் கேட்டால் தங்கள் கருவியில் ஒன்றும் பதிவாகவில்லை என்றார்கள். குடியிருப்பவர்களே அளக்கும்படி மலிவாக ஒன்று செய்துகொடுங்கள் என்று பொறியாளர்களிடம் போய் நின்றார். ‘எரின் பிராக்கோவிச்’ படத்தில் வரும் அதே வக்கீல்தான்.

அதன்பின் வாளியை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனவர் டென்னி லார்சன் என்ற சுற்றுச்சூழல் செயல்பாட்டாளர். லூசியானா மாநிலம் நார்கோவில் ஷெல் ஆலையின் வேலியோரம் வாழ்ந்த கறுப்பின மக்கள் அதைக் கையில் எடுத்தார்கள். அங்கே முன்னின்ற ஆசிரியை மார்கி ரிச்சர்டுக்கு 2004இல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் விருது கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் வாளி போனது. கடையில் வாங்கும் சரக்கல்ல இது. ஒரு ஊர்க்காரர் இன்னொரு ஊர்க்காரருக்குச் சொல்லிக்கொடுத்துப் பரவிய கைவேலை.

2004இல் வாளி கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்தது. சுற்றுச்சூழல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் போன்றோர் துணைநிற்க, கிராமத்தவர்களே கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். வாளியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர்கள் கற்றுக்கொண்ட நோட்டு எழுதும் பழக்கம். நாற்றம் என்று புகார் சொன்னால், அதிகாரி வந்து சேர்வதற்குள் காற்று திரும்பிவிடும். புகார் சொன்னவர் பொய்யர் ஆவார். அதனால் மணி என்ன, காற்று எந்தப் பக்கமிருந்து, நாற்றம் எதைப்போல என்று எழுதிவைத்தார்கள். அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம், அழுகிய முட்டைக்கோஸ் என்றால் மெர்காப்டன். தாங்க முடியாத நேரத்தில் வாளி.

பிடித்த காற்று, வாளி பிறந்த கலிபோர்னியாவுக்கே விமானமேறிச் சோதனைக்குப் போனது. 22 ரசாயனங்கள் என்று முடிவு வந்தது. அவற்றில் எட்டு புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. உச்ச நீதிமன்றம் அமைத்த அபாயக் கழிவுக் கண்காணிப்புக் குழு அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. அப்போது நம் நாட்டுக் காற்றுத்தர அளவுகோலில், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனுக்குக்கூட வரம்பு கிடையாது. 2009இல்தான் வந்தது. வாளியால் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வியை முன்கூட்டியே கேட்டவர்களில் கடலூர்க்காரர்களும் உண்டு.

குறையும் இருக்கிறது. வாளி பிடிப்பது சில நிமிடக் காற்றை மட்டும். இன்னொன்று, அது வாயுவைப் பிடிக்கும், தூசியைப் பிடிக்காது. வாளியைக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோனால் இடிக்கிற இடம் அதுதான். கழிவு இரும்பை உருக்கும் உலைகள் நிறைந்த தொழிற்பேட்டை. அங்கே முதலில் கேட்க வேண்டியது கரித்தூளைப் பற்றி. அதை எடைபோட வடிதாள் வைத்து உறிஞ்சும் வேறு கருவி வேண்டும். எண்ணூர்ப் பக்கம் தன்னார்வலர்கள் அப்படித்தான் அளந்தார்கள்.

கருவி வரும்போது வரட்டும், நோட்டுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டிக்காரர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: காலையில் மொட்டைமாடியைப் பெருக்கும் முன்பு, அங்கே படிந்திருப்பதை ஒரு போட்டோ எடுத்து, தேதியையும் இரவில் காற்று அடித்த திசையையும் எழுதிவையுங்கள்.