உடைந்த விசிறி சொல்லும் கதை

ஓடுகிற படகைப் பார்ப்பவர்கள் அதன் உடலைப் பார்ப்பார்கள். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்பார்கள். ஆனால் படகைத் தள்ளிக்கொண்டு போகும் விசிறியை யாரும் பார்ப்பதில்லை. அது தண்ணீருக்குள் மறைந்து கிடக்கிறது. ஆங்கிலத்தில் புரொபெல்லர், மலாயில் கிப்பாஸ். கல்லிலோ மரக்கட்டையிலோ மோதி அது வளைந்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது.

கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டினால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கலாம். உண்மையில் இந்த விசிறியின் வரலாறே, கழற்றியும் மாட்டியும் பார்த்தவர்களின் வரலாறுதான். அதில் மலாக்காத் தோட்டத்து மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

முதலில் வந்த நீராவிக் கப்பல்களுக்கு இருபுறமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் இருந்தன. அலை வந்து கப்பல் சாய்ந்தால் ஒரு சக்கரம் ஆழத்தில் அழுந்தும். மற்றது காற்றில் வீணாய்ச் சுற்றும். போரில் ஒரு குண்டு பட்டாலே போதும், சக்கரம் நொறுங்கிவிடும். இதற்கு மாற்றாக 1836-ஆம் ஆண்டு பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேய விவசாயி திருகாணி போன்ற விசிறிக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் சுவீடன் நாட்டுப் பொறியாளர் எரிக்சனும் வேறொரு வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

ஸ்மித்தின் விசிறி மரத்தால் ஆனது. திருகாணியைப் போல இரண்டு சுற்றுப் புரி கொண்டது. 1837-இல் லண்டன் கால்வாயில் அதைச் சோதித்தபோது, எதிலோ மோதிப் பாதி உடைந்து போனது. படகு நின்றுவிடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? மாறாக, முன்பைவிட வேகமாக ஓடியது! நீளமான புரி தண்ணீரில் வீண் உராய்வையே கூட்டியிருந்தது. அந்த விபத்தே ஆசிரியராக அமைய, ஒற்றைச் சுற்று விசிறியை அவர் செய்து மாட்டினார். பெரியதுதான் நல்லது என்ற எண்ணம் அன்றே உடைந்தது.

1845-இல் பிரிட்டிஷ் கடற்படை ஒரு கயிறிழுப்புப் போட்டி நடத்தியது. விசிறி பூட்டிய 'ராட்லர்' கப்பலும் துடுப்புச் சக்கரம் கொண்ட 'அலெக்டோ'வும் பின்னோடு பின் கட்டப்பட்டன. இரண்டும் முழு வேகத்தில் எதிரெதிர்த் திசையில் இழுக்க, அலெக்டோ பின்னோக்கி இழுபட்டுப் போனது. வாய்ச்சண்டைக்கு வேலையில்லாமல் வழக்கு முடிந்தது.

ஆனாலும் பாடம் முடியவில்லை. 1894-இல் சார்லஸ் பார்சன்ஸ் 'டர்பினியா' என்ற படகை ஒற்றை விசிறியோடு ஓடவிட்டார். இயந்திரம் அசுர பலம் கொண்டது; படகோ எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. விசிறி மிக வேகமாகச் சுற்றியதால் தண்ணீரில் ஆவிக் குமிழிகள் உண்டாயின. பிடிமானமில்லாமல் விசிறி வெறுமனே சுற்றியது. விசிறிகளை மாற்றி மாற்றிப் பார்த்துக் கடைசியில் 3 தண்டுகளில் தண்டுக்கு 3 வீதம் 9 விசிறிகளைப் பூட்டினார். 1897-இல் விக்டோரியா அரசியின் வைரவிழாக் கப்பல் அணிவகுப்பில் மணிக்கு சுமார் 34 கடல் மைல் வேகத்தில் டர்பினியா பாய்ந்தது.

அங்கே பார்சன்ஸ் விசிறிகளோடு போராடிய அதே ஆண்டுகளில், இங்கே மலாக்காவில் வேறொரு தொடக்கம் நிகழ்ந்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி, ரப்பர் பயிரிடச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தார். அவர் பேச்சைக் கேட்டவர் மலாக்காவின் டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்து புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் உருவானது.

நட்டவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. நாடெங்கும் தோட்டங்கள் பெருகியபோது விடியுமுன் எழுந்து, நிரை நிரையாகப் பால்மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்துச் சுமந்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். அவர்கள் பெயர் எங்கே நிற்கிறது?

அவர்களைக் கடல் கடத்திக் கொண்டுவந்ததும் இந்த விசிறிதான். பழைய தலைமுறை மறக்காத 'ரஜூலா' கப்பல் 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. இரட்டை விசிறி கொண்டது. 5,000-க்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு 1970-களின் தொடக்கம் வரை அது ஓடியது. மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளோடு படுத்திருந்தவர்களுக்கு, கீழே என்ன சுற்றுகிறது என்பது தெரிந்திருக்காது. அது திரும்பவும் தங்களை ஊர் கொண்டு சேர்க்குமா என்பதுதான் அவர்கள் கவலை.

விசிறி ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்தது. ரப்பர் எப்படி விசிறிக்குள் போனது?

1909-இல் ஓலே எவின்ரூட் அமெரிக்காவில் வெளிப்புற மோட்டார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். படகின் பின்புறம் தொங்கும் இந்த மோட்டார்களில், விசிறி கல்லில் மோதினால் அந்த அடி நேரே பல்சக்கரங்களைத் தாக்கும். அதைத் தடுக்க, மோதியவுடன் தானே முறிந்துபோகும் சிறு ஊசி ஒன்றை வைத்தார்கள். பிறகு விசிறியின் நடுக்குழலுக்குள் ரப்பர் புஷ் வந்தது. அடி விழுந்தால் ரப்பர் வழுக்கிக் கொடுக்கும், பல்சக்கரம் பிழைக்கும். இன்று செயற்கை ரப்பரும் பிளாஸ்டிக்கும் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. தத்துவம் மட்டும் மாறவில்லை: விலை குறைந்தது அடியை வாங்கிக்கொள்ள, விலை உயர்ந்தது தப்பிக்க வேண்டும்.

விசிறி மாற்றுகிறவர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் மோட்டாரை நிறுத்தி, தற்செயலாக அது கிளம்பாதபடி பிளக் இணைப்பைக் கழற்ற வேண்டும். இறக்கை சுழலாமல் மரக்கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்து, பிளவு ஊசியை எடுத்து, நட்டைத் திருக வேண்டும். வளையங்கள் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் திரும்பப் போக வேண்டும். தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் அது எண்ணெய்த் தடுப்பை அறுத்திருக்கும். பல்சக்கர எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். தண்டுக்குக் கிரீஸ் தடவி, பிளவு ஊசியைப் புதிதாகப் போட வேண்டும்.

விசிறியில் 13 x 19 என்று பொறித்திருந்தால், 13 அங்குலம் விட்டம். 19 அங்குலம் 'பிட்ச்', அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம். பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் இயந்திரத்தின் சுற்று நிமிடத்துக்கு 150 முதல் 200 வரை குறையும். பாரமான படகுக்கு வேகப்படகின் விசிறியை மாட்டினால் இயந்திரம் திணறும். ஸ்மித்தின் கால்வாய்ப் பாடம் இங்கேயும் செல்லும்.

சிலர் காசை மிச்சம்பிடிக்க, முறியும் ஊசிக்குப் பதில் இரும்பு ஆணியை அடித்துவிடுகிறார்கள். சில வெள்ளி மிச்சம். அடுத்த மோதலில் ஆணி நிற்கும். பல்சக்கரப் பெட்டி போய்விடும்.

ரப்பர் புஷ் தேய்ந்துபோனதற்கு ஓர் அடையாளம் உண்டு. இயந்திரம் முழுச் சத்தத்தோடு அலறும். படகு மட்டும் நகராது. மலாயாவின் செல்வத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இயந்திரத்தின் சத்தத்தை நிறையவே கேட்டிருக்கிறார்கள். உள்ளே அடி வாங்கிய ரப்பரையும், அதை வடித்தெடுத்த கைகளையும் சேர்த்து எழுதினால்தான் அந்தக் கணக்கு நேராகும்.