கணக்குக் கொப்பி கணினிக்குப் போன கதை

விழா மலர்களில் பள்ளிவாசலின் வரலாறு வரும், ஸாஹிராக் கல்லூரியின் வரலாறு வரும், மறைந்த தலைவர்களின் படங்கள் வரும். கடைக் கணக்குக்கு யாரும் பக்கம் ஒதுக்குவதில்லை. கல்முனைக்குடிக் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாகக் கல்முனை பஸாரை நம்பியே உண்டு உடுத்தி, பிள்ளைகளைப் படிப்பித்திருக்கின்றன. அந்த வணிகம் எதை எழுதியது, எதை மனதில் வைத்துக்கொண்டது, அதில் எவ்வளவு இன்று கணினிக்குப் போயிருக்கிறது என்பதும் ஊர் வரலாறுதான்.

பழைய கடையில் மூன்று விதமான எழுத்து இருந்தது. அன்றாட விற்பனைக்கு நாளேடு. கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரிகளோடு உள்ள கொடுக்கல் வாங்கலுக்குப் பேரேடு. ஊராருக்குக் கொடுத்ததற்குக் கடன் கொப்பி. முதல் இரண்டும் கணக்கப்பிள்ளையின் பொறுப்பு. மூன்றாவதை முதலாளி தன் கையாலேயே எழுதுவார். அரபுத்தமிழில் எழுதிய பெரியவர்களும் உண்டு. அந்தக் கொப்பியில் தவணைத் திகதி இராது. ‘வேளாண்மை வெட்டியதும்’ என்று இருக்கும். கடற்றொழிலாளியின் பெயருக்கு எதிரே ‘மீன்பாடு வந்ததும்’ என்று இருக்கும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் இந்தக் கரையோர வயல்களுக்கும் பாய்ந்த பிறகு பெரும்போகமும் சிறுபோகமும்தான் கடைகளின் நாட்காட்டி. விதை, உரம், சீனி, பெருநாள் உடுப்பு, எல்லாமே போகக் கடன்.

கணினி வந்ததும் முதலில் தடுக்கியது ஆட்களின் பெயரில். ஒரு கொப்பியில் நான்கு ஆதம்பாவா இருப்பார்கள். முதலாளிக்குக் குழப்பமில்லை: ஒருவரைத் தெருவால் தெரியும், ஒருவரைக் குடியால் தெரியும், ஒருவரைத் தொழிலால் தெரியும், நான்காமவரைப் பட்டப்பெயரால் தெரியும். (பட்டப்பெயரைக் கொப்பியில் எழுதலாம், பற்றுச்சீட்டில் அச்சிட்டுக் கொடுக்க முடியுமா?) கணினி ஆளுக்கொரு இலக்கம் கேட்டது. அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டால், ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டை ஒருபுறம், 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டை மறுபுறம். ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். கடைசியில் கைபேசி இலக்கம் வழியாயிற்று. அதிலும் ஒரு வேடிக்கை. வாப்பாவிடம் போன் இல்லையென்றால் மகனின் இலக்கம் பதிவாகும்; வாப்பாவின் கடன் மகனின் பெயரில் ஏறிவிடும்.

சரக்கு அவ்வளவு பாடுபடுத்தவில்லை. 479 என்று தொடங்கும் இலங்கைக் கோட்டுக்குறி உள்ள பொருளைக் கருவியில் காட்டினால் போதும். ஆனால் கருவாட்டுக்குக் கோட்டுக்குறி இல்லை, மூடையில் வரும் அரிசிக்கு இல்லை, மருதமுனைக் கைத்தறிச் சாரத்துக்கும் இல்லை. அவற்றுக்குக் கடையே பெயர் சூட்டவேண்டும். அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டியவர்கள் அதிகம், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். காலையில் நிற்கும் தம்பி ஒரு விதமாகவும் மாலையில் நிற்கும் தம்பி வேறு விதமாகவும் அடித்தால், ஒரே சம்பா கணினியில் இரண்டு சம்பாவாகி, ஒன்று தீர்ந்துபோனதாகவும் மற்றது விற்காமல் கிடப்பதாகவும் காட்டும். தமிழில் அடித்தவர்களுக்குப் பாமினி எழுத்துரு வேறு சோதனை வைத்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், முழுப் பட்டியலும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாய் நிற்கும். யூனிகோட் பரவிய பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது.

காசோலையில் வந்த மாற்றத்தை யாரும் கணினிமயம் என்று பேசுவதில்லை. என் கணிப்பில் பஸாரை அதிகம் உலுக்கியது அதுதான். புறக்கோட்டை வணிகம் பின்திகதியிட்ட காசோலையில் ஓடுவது. முன்பு காசோலைக் கடதாசியே ஊர்விட்டு ஊர் பயணப்பட்டுக் காசாக நாட்கள் எடுக்கும். அந்த நாட்களுக்குள் இங்கே விற்று வங்கியில் போட்டுவிடலாம் என்ற துணிவில் எழுதிக் கொடுத்தவர்கள் பலர். 2006இல் லங்காகிளியர் நிறுவனம் காசோலையின் படிமத்தை மட்டும் அனுப்பித் தீர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்த இடைவெளி சுருங்கிற்று. எந்தக் காசோலை என்றைக்குப் போகும் என்பதை மனக்கணக்கில் வைத்திருந்தவர்கள், அதற்கென்றே கணினியில் பட்டியல் போடத் தொடங்கினார்கள்.

அதற்கு முன்பே கடல் ஒரு பாடம் நடத்திவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நம் அம்பாறை மாவட்டம். கல்முனைக்குடியின் கரையோரம் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரியும். மையித்துகளை எடுத்த நாட்களில் கொப்பியை யார் தேடுவார்? நம் வழக்கப்படி ஒருவர் மௌத்தானால், ஜனாஸாவின்போதே அவருடைய கடன்களுக்கு வாரிசு பொறுப்பேற்பார். சொத்துப் பங்கிடுமுன் கடன் தீரவேண்டும். அன்றைக்குக் கடைக் கொப்பி சாட்சியாகும். சாட்சி ஒரே ஒரு பிரதியாய் இருப்பதன் ஆபத்தை ஊர் அப்போது கண்டது. இன்று கணக்கின் நகலை ஊருக்கு வெளியே எங்கோ ஒரு சேவையகத்தில் வைப்பவர்களுக்கு அதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது தயங்கியவர்களும் மாறினார்கள். செப்டம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டது. நேற்று ஒட்டிய விலை இன்று பொய். கடதாசித் தட்டுப்பாட்டால் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போன ஆண்டு அது. எரிபொருளுக்கு வரிசையில் நின்று கியூஆர் காட்டிப் பழகிய கைக்கு, கடையில் அதே கட்டத்தைக் காட்டிக் காசு செலுத்துவது அதிசயமாய்த் தோன்றவில்லை.

பெரியவர்களின் மனதைக் கரைத்தது ஸகாத். ஆண்டுக்கொருமுறை இருப்பை எண்ணி, அன்றைய சந்தை விலையில் மதித்து, இரண்டரை வீதம் பிரிப்பதற்கு முன்பெல்லாம் ரமழானில் இரவுகள் கழியும். இப்போது எண்ணிய இருப்பைப் பதிந்தால் பெறுமதி உடனே வருகிறது. ஆனால் மென்பொருள் ஏப்ரலிலிருந்து மார்ச் வரை எண்ணும். ஸகாத்துக்குப் பிறையாண்டு, பதினொரு நாள் குறைவு. அத்தோடு வரும் என்று நம்பக்கூடிய கடனையும் கைவிட்ட கடனையும் பிரித்துக் காட்டவேண்டும்.

இங்கேதான் கடன் கொப்பி இன்னும் அசையாமல் நிற்கிறது. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே நீளமானது, கடனை எழுதச் சொல்கிறது, சாட்சி வைக்கச் சொல்கிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னே, கஷ்டப்படுபவருக்கு அவகாசம் கொடு, விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்று வருகிறது. கடையில் விற்கப்படும் மென்பொருள் 282ஐ நன்றாகச் செய்யும்; 280 அதற்குத் தெரியாது. முப்பது நாள் தாண்டினால் சிவப்பில் எழுதும், சில வேளை வாடிக்கையாளரின் போனுக்குத் தானாகவே நினைவூட்டலும் அனுப்பிவிடும். வெள்ளத்தில் வேளாண்மை அழுகிக் கிடக்கும் மனிதருக்கு அப்படியொரு செய்தி போனால் அந்தக் கடைக்கு மறுபடி வருவாரா? கெட்டிக்காரர்கள் சிலர் தவணையைப் போகத்தோடு கட்டிவிட்டார்கள்: பெரும்போகக் கடன் எல்லாவற்றுக்கும் வெட்டு முடியும் காலத்தில் ஒரே திகதி, மழை கெடுத்தால் அந்த ஒரு திகதியை மாற்றினால், அத்தனை பேருக்கும் அவகாசம் கிடைத்துவிடும்.

விட்டுக்கொடுத்த கடனை எந்தத் தலைப்பில் பதிவது என்பது இன்னும் தீரவில்லை. கழிவு என்று போட்டால் விற்பனை குறைந்ததாகத் தெரியும். வராக்கடன் என்று போட்டால் கொடுக்காதவர் என்று அவருடைய பெயரில் கறை நிற்கும். ஸகாத்தில் கழிக்கலாமா என்றால், பெரும்பாலான உலமாக்கள் ஏற்பதில்லை. அதற்குத் தனித் தலைப்பு ஒன்று வேண்டும். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவமும் கணினியும் படித்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் அதை எழுதித் தரட்டும். தலைப்புக்கு என்ன பெயர் வைப்பது என்பதை முதலாளிமாரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.