பைசா கோபுரமும் பைக் பூட்ஸும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். தினமும் போக வர நாற்பது கிலோமீட்டர் பைக்கில் வேலைக்குப் போகிறவர். "சார், பைக் ஓட்டும்போது போட ஒரு நல்ல பூட்ஸ் வாங்கலாம்னு இருக்கேன். வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. ஆபீசுக்குப் போறதுக்கு எதுக்குடா பூட்ஸு, பட்டாளத்துக்கா போறேன்னு கேக்குறாங்க. நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்றார். சரித்திர வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அவர் வீட்டார் கிண்டலாகக் கேட்டதிலேயே ஒரு வரலாற்றுப் பாடம் இருக்கிறது. எனக்குச் சொந்தமான ஒரு பாடமும் இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பைக் பூட்ஸ் உண்மையிலேயே பட்டாளத்திலிருந்துதான் வந்தது. அதற்கும் முன்னால் குதிரையிலிருந்து. 1885இல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச் சட்டத்தில் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிய முதல் இருசக்கர வண்டிக்கு 'ரைட்வாகன்' என்று பெயர். சவாரி வண்டி என்று பொருள். உட்காரும் இடத்துக்கு நேர் கீழேயே எஞ்சின். முதல் ஓட்டத்திலேயே இருக்கை சூட்டில் பற்றிக்கொண்டது என்று சொல்வார்கள். இந்த வண்டியின் முதல் சேட்டையே சுடுவதுதான். நம் ஊரில் கெண்டைக்காலில் சைலன்சர் சூட்டுத் தழும்பு இல்லாதவர்கள் எத்தனை பேர், கை தூக்குங்கள் பார்ப்போம்.

புது வண்டிக்கென்று புது உடுப்பு யாரிடமும் இல்லை. குதிரைச் சவாரிக்கு இருந்ததையே போட்டுக்கொண்டார்கள். முழங்கால் வரை உயரமான தோல் பூட்ஸ், அல்லது குட்டை பூட்ஸும் அதற்கு மேல் காலைச் சுற்றிய துணிப்பட்டியும். ஆங்கிலேயர் அதைப் 'பட்டீஸ்' என்றார்கள். இந்தியச் சொல்லான 'பட்டி'யைத்தான் அப்படி எடுத்துக்கொண்டார்கள். பழைய படங்களில் போலீஸ்காரர்கள் காலில் சுற்றியிருப்பார்களே, அதேதான். முதல் உலகப் போரில் செய்திகளைச் சுமந்து சென்ற மோட்டார் சைக்கிள் வீரர்கள் இந்தக் கோலத்தில்தான் பிரான்ஸின் சேற்றில் ஓட்டினார்கள். அந்த பூட்ஸ் சேற்றையும் குளிரையும் தடுத்தது. விழுந்தால் எலும்பைக் காக்கும் என்று யாரும் அதைச் செய்யவில்லை.

அடிபடுவதைப் பற்றிய அறிவியல் தலையிலிருந்துதான் தொடங்கியது. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று நாம் படித்த டி. இ. லாரன்ஸ் 1935 மே மாதம் தன் பிரஃப் சுப்பீரியர் பைக்கிலிருந்து விழுந்தார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ் அந்தச் சாவை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. இன்று நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129வது பிரிவு வரை அந்த வழி வந்து சேர்ந்திருக்கிறது. 'தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்' என்பார்கள். தலைக்கு அப்படி ஒரு கெய்ர்ன்ஸ் கிடைத்தார். காலுக்குக் கிடைக்க இன்னும் பல காலம் ஆனது.

அமெரிக்காவில் 1930களின் கடைசியில் 'எஞ்சினியர் பூட்ஸ்' வந்தது. கயிறு கிடையாது, தடித்த தோல், மேலேயும் கணுக்காலிலும் பக்கிள் வைத்த வார். தொழிலாளிகள் போட்டது. போருக்குப் பிறகு பைக் ஓட்டிய இளைஞர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1953இல் மார்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்ட் ஒன்' படத்துக்குப் பிறகு அது ஒரு ஸ்டைலாகவே ஆகிவிட்டது. சூட்டையும் சிராய்ப்பையும் அது நன்றாகவே தடுத்தது. ஆனால் கணுக்கால் எலும்புக்கென்று தனியாக எந்தக் கவசமும் அதில் இல்லை.

அந்தக் கவசம் வந்தது இத்தாலியின் மலையடிவாரத்திலிருந்து. வெனிசுக்கு வடக்கே அசோலோ, மான்டெபெல்லுனா பக்கத்து ஊர்களில் மலையேறுகிறவர்களுக்கும் பனிச்சறுக்குக்காரர்களுக்கும் பூட்ஸ் தைப்பது பழைய தொழில். 1963இல் அசோலோவில் சாந்தே மட்சரோலோ என்பவர் தொடங்கிய நிறுவனம்தான் ஆல்பைன்ஸ்டார்ஸ். ஆல்ப்ஸ் மலையில் பூக்கும் ஒரு பூவின் பெயர் அது. அப்போது காட்டுப் பாதையில் பைக் ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தயம் ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்தது. அதில் கால்தான் முதலில் அடிபடும். கல்லில் இடிக்கும், பள்ளத்தில் முறுக்கும், பைக்குக்கு அடியில் மாட்டும். பனிச்சறுக்கு பூட்ஸ் தெரிந்தவர்களுக்கு இது பழகிய பிரச்சினை. முன்கால் எலும்புக்குத் தகடு, இறுகப் பூட்டும் பக்கிள், முறுக்கினாலும் வளையாத கணுக்கால் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற பெல்ஜியத்தின் ரோஜர் டி கோஸ்டர் அந்த பூட்ஸைப் போட்டு ஓட்டியதும் உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இன்று கடையில் தொங்கும் சாதாரண பைக் பூட்ஸில்கூட அந்தப் பந்தய பூட்ஸின் சாயல் இருக்கும்.

இனி அறிவியலுக்கு வருகிறேன். 1981இல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து அறிக்கை தந்தது. கனமான பூட்ஸ், ஜாக்கெட், கையுறை ஆகியவை சிராய்ப்பையும் கிழிசலையும் தடுக்கின்றன அல்லது குறைக்கின்றன என்று அது சொன்னது. பிறகு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ராடரிக் வுட்ஸ், விழும்போது உடலின் எந்தப் பகுதி எவ்வளவு தேயும், எங்கே இடிபடும் என்று பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்தார். ஐரோப்பியத் தரங்களுக்கு அவருடைய வேலை அடிப்படையானது. பைக் பூட்ஸுக்கான தரத்தின் பெயர் இ.என். 13634. இப்போது பெரும்பாலும் அதன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பை பூட்ஸின் நாக்கிலோ உட்பக்கத்திலோ அச்சடித்திருப்பார்கள். சின்ன பைக் படம், அதன் கீழே நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. முதல் எண் உயரம். இரண்டாவது, தேய்மானத்தைத் தாங்கும் திறன். மூன்றாவது, கத்தி போன்ற கூர்மை பட்டால் கிழியாமல் தாங்கும் திறன். நான்காவது, பக்கவாட்டில் நசுங்காத திறன்.

இந்த நான்காவது எண்ணை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன். பூட்ஸை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து இரு பக்கமும் நெருக்குவார்கள். 20 மில்லிமீட்டர் நசுங்குவதற்கு, முதல் நிலைக்குக் குறைந்தது 1 கிலோநியூட்டன் விசை தேவைப்பட வேண்டும். ஏறக்குறைய நூறு கிலோ எடையின் அழுத்தம். இரண்டாம் நிலைக்கு ஒன்றரை மடங்கு. பைக் சாய்ந்து காலின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குத்தான் இந்தச் சோதனை. ஐ.பி.ஏ. என்ற எழுத்துகள் இருந்தால் கணுக்காலுக்குத் தனிக் கவசம் உண்டு, ஐ.பி.எஸ். இருந்தால் முன்காலுக்கும் உண்டு என்று பொருள்.

இப்போது என் கதை.

கரும்பலகை முன்னால் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பேன் என்று எனக்கு நீங்கள் 'பைசா கோபுரம்' என்று பெயர் வைத்திருந்தீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? ஆண்டு விழாவில் ஒருவன் என்னைப் போலவே நின்று காட்டியபோது நானும்தான் கைதட்டினேன். ஏன் சாய்ந்தேன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

1988. காலாண்டு விடைத்தாள் கட்டை பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு மைத்துனரின் பைக்கில் வந்துகொண்டிருந்தேன். தூறல். காலில் ரப்பர் செருப்பு. ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை நேராகக் கடக்காமல் சாய்வாகக் கடந்தேன். ஈர இரும்பில் சக்கரம் வழுக்கியது. வேகம் பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. பைக் வலது பக்கம் சாய்ந்தது, என் வலது கணுக்கால் அதற்கும் தண்டவாளத்துக்கும் நடுவில். தலையில் ஒரு கீறல் இல்லை. கேட்கீப்பரும் இன்னொருவரும் வந்து பைக்கைத் தூக்கும்வரை சைலன்சர் காலில் படிந்தே இருந்தது. செருப்பு ஒன்று தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கிடந்தது. கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. மாவுக்கட்டு, பிறகு மாதக்கணக்கில் கைத்தடி. எலும்பு கூடியது, ஆனால் கணுக்கால் பழையபடி மடங்கவே இல்லை. அன்று முதல் எடையை இடது காலில் போட்டே நின்று பழகிவிட்டேன். அந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு இரண்டு மாதம் சரித்திரம் நடத்த ஆள் இல்லை. அந்த வகுப்பில் சரித்திரத்தில் மட்டும் தவறியவர்கள் மூன்று பேர். கால் வலியைவிட அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வேகமாகப் போனவன் இல்லை நான், குடித்துவிட்டு ஓட்டியவனும் இல்லை. அன்றாடச் சவாரியில், நடக்கிற வேகத்தைவிடச் சற்றே அதிகமான வேகத்தில் நடந்தது இது. பூட்ஸ் பந்தயக்காரர்களுக்குத்தான் என்று சொல்பவர்களுக்கு இதுவே என் பதில்.

நம் நாட்டில் இது ஏன் பழக்கமாகவில்லை? 1955இல் சென்னையில் என்ஃபீல்டு புல்லட் வந்தபோது ராணுவத்தின் தேவை அதற்கு ஒரு முக்கியக் காரணம். ராணுவ வீரர் பூட்ஸ் காலோடுதான் அதை உதைத்து ஸ்டார்ட் செய்தார். அதே வண்டியை ஊருக்குள் வாங்கிய மிராசுதார் செருப்புக் காலோடு உதைத்தார். கிக்கர் திருப்பி அடித்த கதைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. வெயில், செலவு, வாசலில் கழற்றிப் போடுகிற வழக்கம் எல்லாம் சேர்ந்து நம்மைச் செருப்பிலேயே நிறுத்திவிட்டன. பின்னால் உட்காருபவரின் சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்கத் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 கேட்கிறது. சேலையைப் பற்றி யோசித்த நாம் காலைப் பற்றி யோசிக்கவில்லை. இத்தனைக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோலும் காலணியும் உலகம் முழுக்கப் போகின்றன. 1948 முதல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோல் நம்முடையது, போட்டுக்கொள்வது வெளிநாட்டுக்காரன்.

சரி, தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். என்ன வாங்கலாம்?

கணுக்கால் எலும்பு மூடியிருக்க வேண்டும். இதுதான் முதல் விதி, மற்றதெல்லாம் பிறகு. கடையில் குதிகாலையும் முன்பக்கத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள், எளிதில் அமுங்கினால் வேண்டாம். இரண்டு கையாலும் பிடித்து, துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். இ.என். 13634 முத்திரை இருக்கிறதா, நான்கு எண்கள் என்ன என்று படியுங்கள். நான்காவது எண் 2 ஆக இருந்தால் நல்லது. கயிறு இருந்தால் அதை மூடும் மடிப்போ ஜிப்போ வேண்டும். தொங்கும் கயிறு கியர் லீவரில் மாட்டினால் சிக்னலில் காலை ஊன்ற முடியாது. மாலையில், காலுறையோடு போட்டுப் பாருங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் பைக்கில் உட்கார்ந்து கியர் லீவருக்கு அடியில் நுனி நுழைகிறதா, பின் பிரேக் காலுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். கடைசியாக நூறு அடி நடந்து பாருங்கள். நடக்க முடியாத பூட்ஸ் பத்து நாளில் பரணுக்குப் போய்விடும். பரணில் இருக்கும் பூட்ஸ் யார் காலையும் காப்பாற்றாது. ஆபீசில் மேசைக்கடியில் ஒரு ஜோடி செருப்பு வைத்துக்கொண்டால் வெயில் பிரச்சினையும் பாதி தீர்ந்தது.

அவ்வளவு பணம் இல்லையென்றால்? ஆஸ்திரேலியாவில் விபத்தில் சிக்கிய இருநூறுக்கும் மேற்பட்ட பைக் ஓட்டிகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். பைக்குக்கென்று செய்யாத சாதாரண பூட்ஸ் போட்டிருந்தவர்களுக்கே, ஷூ போட்டவர்களைவிடப் பாதமும் கணுக்காலும் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதிதான் இருந்தது. ஆகவே முத்திரை போட்டதை வாங்க முடியாதவர்கள் கணுக்காலுக்கு மேலே வரும் ஏதாவது ஒரு கெட்டியான பூட்ஸைப் போடுங்கள். செருப்பைவிட ஷூ மேல், ஷூவைவிட பூட்ஸ் மேல். வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். ஹெல்மெட்டுக்கும் முதலில் சிரித்தவர்கள்தானே நாம்.

அந்த மாணவரிடம் இதையெல்லாம் போனிலேயே சொன்னேன். நேற்று பூட்ஸ் போட்ட காலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நான்காவது எண் 2. பரீட்சைத் தாளில் முழு மதிப்பெண் போட்டதுபோல் இருந்தது எனக்கு.

உங்கள் வீட்டில் தினமும் பைக் எடுக்கும் பிள்ளைகள் காலில் என்ன போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று நாளைக் காலையில் ஒரு தடவை பாருங்கள். பார்த்ததைக் கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பைசா கோபுரம்