குச்சி பிடித்த கை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. அவர் பிறந்த பண்ணைப்புரம் அன்றைக்கு நம் மதுரை மாவட்டம். 1996இல்தான் தேனி தனியாகப் பிரிந்தது. ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை அன்று நடத்தியவர் மிகேல் டாம்ஸ். அதைப் பற்றிப் பேசும்போது பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், எழுதுனது ராஜா சார். வாசிக்கிறவங்க நோட்டைப் பார்த்து வாசிக்கிறாங்க. நடுவுல நின்னு குச்சியை ஆட்டுறவரு என்னதான் செய்றாரு?"

நியாயமான கேள்வி. நம் கச்சேரியில் அப்படி ஒருவர் கிடையாது. பாடகரின் தொடைத் தாளமும் ஒரு கண் ஜாடையும் போதும். சதிர் மேடையில் கையில் தாளத்தோடு ஆட்டத்தை நடத்திய நட்டுவனார்தான் கிட்டத்தட்ட அந்த இடம். மேற்கிலும் முதலில் தாளம் தட்டுகிற வேலையாகத்தான் இருந்தது. பிரெஞ்சு அரசவை இசைஞர் லுல்லி தரையில் தடியால் தட்டித் தாளம் போட்டவர். 1687இல் அந்தத் தடி காலிலேயே பட்டு, புண் புரையோடி இறந்துபோனார். இசைக்குழு பெரிதாகப் பெரிதாகத் தட்டும் சத்தம் தொல்லையானது. சத்தமில்லாத சிறு குச்சி வந்தது. இந்த வேலையை எப்படிச் செய்வது என்று பெர்லியோஸ் 1855இல் தனிக் கட்டுரையே எழுதினார்.

ஆனால் படித்து வருகிற வித்தையா இது? வீணை கற்பவனுக்கு வீட்டில் வீணை இருக்கும். இதைக் கற்பவனுக்கு வாத்தியமே எழுபது மனிதர்கள். அவர்களைத் தினமும் வீட்டுக்குக் கூப்பிட முடியுமா? அதனால்தான் சில வாரங்கள், சில மாணவர்கள், எதிரே ஒரு இசைக்குழு என்று கோடை வகுப்புகள் வந்தன. ஒருவர் ஏறி நடத்துவார்; நாலு வரிக்குள் ஆசிரியர் நிறுத்துவார்; மற்றவர்கள் அவர் தவறைப் பார்த்துத் தங்கள் தவறைத் தெரிந்துகொள்வார்கள்.

பம்பாயில் பிறந்த ஜுபின் மேத்தா மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு 1954இல் வியன்னா போனார். அங்கே ஸ்வரோவ்ஸ்கியிடம் பாடம். 1956 கோடையில் இத்தாலியின் சியன்னா நகரில் இப்படி ஒரு வகுப்பு. அவருக்கு வயது 20. கூடப் படித்தவர்கள் கிளாடியோ அப்பாடோவும், 13 வயதே ஆன டேனியல் பாரன்பாயிமும். மூவரும் பிறகு உலகப் புகழ் பெற்றார்கள். வியன்னாவில் மேத்தாவும் அப்பாடோவும் ஒரு பாடகர் குழுவிலும் சேர்ந்தார்கள். பெரிய நடத்துநர்கள் ஒத்திகை பார்ப்பதை முன்னால் நின்று கவனிக்கத்தான்!

நம் பக்கத்தில் இதை எளிய ஜனங்களிடம் கொண்டுவந்தவர் எம்.பி. சீனிவாசன். 1971இல் சென்னையில் சேர்ந்திசைக் குழு தொடங்கி, பாரதி பாடல்களைப் பல குரல்களில் பாட வைத்தார். 1988 மார்ச்சில் லட்சத்தீவுக்குச் சேர்ந்திசைப் பயிற்சிக்காகப் போன இடத்தில்தான் அவர் உயிர் பிரிந்தது.

இனி என் கதை. 1986 என்று நினைவு. மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. சுதந்திர தினத்துக்கு அறுபது பிள்ளைகள் சேர்ந்து பாட வேண்டும். நான் முன்னால் நின்று பலமாகத் தாளம் தட்டினேன். பின்வரிசை எப்போதும் அரை அடி பிந்தியது. ஒரு பையன்தான் காரணம் என்று முடிவு கட்டி, "உனக்குத் தாளமே வராதுடா, போய் உட்காரு" என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டேன்.

அடுத்த வருடம், அரசரடிப் பக்கம் தேவாலயப் பாடகர் குழுவை நடத்திய ஒரு பெரியவர், ஆசிரியர்கள் ஐந்து பேருக்கு நான்கு மாலைகள் சொல்லிக்கொடுத்தார. ஒருவர் நடத்த, நாலு பேர் பாட வேண்டும். என் முறை வந்தது. கையை இறக்கினேன். நாலு பேரும் நாலு விதமாகத் தொடங்கினார்கள்.

"சார், நீங்க தட்டுன பிறகுதான் அவங்களுக்குத் தெரியுது. அப்பவே லேட்டு. தட்டுறதுக்கு முன்னாடி கை மேல போகணும். அதுதான் அவங்க மூச்சு எடுக்கிற நேரம். வேகம், மெதுவு, சத்தம் எல்லாம் அந்த ஒரு மூச்சுல சொல்லியாகணும்."

மறுபடி செய்தேன். கை மேலே போனது. நாலு பேரும் மூச்சு இழுத்தார்கள். ஒரே குரலாக விழுந்தது. குச்சி ஆட்டுகிறவர் செய்வது அதுதான்: சத்தம் வருவதற்கு முன்பே அதைக் காட்டிவிடுவது.

அன்று இரவு பஸ்ஸில் அந்தப் பையன் முகம்தான் வந்தது. பின்வரிசையில் நின்றவனுக்கு என் தாளம் காதில் விழுந்த பிறகுதானே பாட முடியும்? பிந்தியது அவன் இல்லை, என் கை. ஆனால் அதற்குள் அவன் பள்ளி மாறிப் போயிருந்தான்.

தம்பி, இன்று உனக்கு ஐம்பது வயது இருக்கும். இதைப் படித்தால் ஒரு வரி எழுது. உனக்குத் தாளம் வரும். எனக்குத்தான் அப்போது வரவில்லை.

பாடம் சொல்லும் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளே, பின்வரிசை பிந்தினால் முதலில் உங்கள் கையைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்